காடும் வளவும்: வன்னி இலக்கியத்தில் இயற்கை பற்றிய சில குறிப்புகள்

1

ஈழத்துத் தமிழ் இலக்கிய விமர்சனம் கடந்த எழுபது ஆண்டுகளில் நிலம், சாதி, வர்க்கம், தேசியம் என்பன குறித்து விரிவாக விவாதித்துள்ளது. ஆனால் 'இயற்கை' என்னும் எண்ணக்கரு அதே அளவு நுணுக்கத்துடன் ஆராயப்பட்டதெனக் கூறுவதற்கில்லை. இயற்கை எமது விமர்சனத்தில் பெரும்பாலும் பின்னணியாகவே இருந்துவந்துள்ளது. கதை நிகழும் இடம் என்றோ, 'மண்வாசனை' என்றோ, வருணனைச் சிறப்பு என்றோ ஓரிரு வாக்கியங்களில் அதனைக் கூறிவிட்டு மனிதர்பால் திரும்பிவிடுவது வழக்கமாயிற்று. இவ்வழக்கம் போதாது என்பதை நூல்களைவிட முதலில் எமக்கு உணர்த்தியது ஒரு நடையே. ஆதலால் அதிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் குமுழமுனையிலிருந்து தண்ணிமுறிப்புக் குளத்தை நோக்கிச் செல்லும் பாதையில், ஒரு கோடைகாலக் காலைப் பொழுதில், அவ்வூரைச் சேர்ந்த முதியவர் ஒருவருடன் நடந்தோம். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காடு அது. உயர்ந்த மரங்களின் கீழே பற்றைகளும் கொடிகளும் பின்னிக் கிடந்தன. நகரத்துப் புத்தகக் கல்வியுடன் வந்த எமக்கு அது மனிதக் கைபடாத வனமாகவே தோன்றியது. அவ்வியப்பை வாய்விட்டுச் சொல்லவும் செய்தோம். உடன் வந்தவர் சற்று நின்றார். பற்றைக்குள் நின்ற புளியமரம் ஒன்றைக் கைகாட்டி, "இது காடில்லைத் தம்பி, எங்கட வளவு. அந்தப் புளி எங்கட அப்பு வைச்சது" என்றார். பின்னர் கத்தியால் கொடிகளை விலக்கி, தூர்ந்துபோன கிணறொன்றின் கட்டைக் காட்டினார். 1984 ஆம் ஆண்டின் இறுதியில் அக்குடும்பம் அவ்விடத்தை விட்டு வெளியேறியபோது அவருக்குப் பதினான்கு வயது. கிணற்றுக்கு அப்பால், அண்மையில் நடப்பட்ட எல்லைக்கல் ஒன்று நின்றது. அதன் அப்புறம் பாதுகாக்கப்பட்ட வனம் என்பது அக்கல்லின் பொருள்.

ஒரே நிலத்தை 'காடு' என்று நாமும் அக்கல்லும் கூற, 'வளவு' என்று அவர் கூறுகிறார். இவ்விரு சொற்களுக்கும் இடையிலான தூரமே இக்கட்டுரையின் பொருள். காட்டைக் காக்கவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் எதனைக் காடு என்கிறோம், அவ்வாறு பெயரிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது, எமது இலக்கியமும் விமர்சனமும் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன என்பன ஆராயப்பட வேண்டியவை.

2

நடத்தல் என்பதும் வர்க்கச் சார்பற்ற செயல் அன்று. அமெரிக்க எழுத்தாளர் தோறோ 1854 இல் 'வால்டன்' நூலை வெளியிட்டார்; நடத்தல் பற்றிய அவரது கட்டுரை அவர் மறைந்த 1862 இல் வெளிவந்தது. ஆங்கில மனோரதியக் கவிஞரிடமும் தோறோவிடமும் நடை ஓர் ஓய்வு. பயன் கருதாது நடப்பவனே இயற்கையைக் காண்கிறான் என்னும் நம்பிக்கை அவர்களின் எழுத்திற்கு அடித்தளம். இம்மரபின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. கைத்தொழில் முதலாளித்துவம் மனிதனைப் பண்டமாக்கிய வேளையில் எழுந்த எதிர்ப்புக் குரல்களுள் அதுவும் ஒன்று. ஆனால் வன்னிக் காட்டில் நடந்தோர் வேறு வகையினர். காணாமற்போன மாட்டைத் தேடி நடந்தவன், தேன் எடுக்க நடந்தவன், பட்டமரத்து விறகுக்காக நடந்த பெண், பாலைப்பழக் காலத்தில் கூடையுடன் நடந்த சிறுவர் ஆகியோருக்குக் காடு காட்சியாக இருக்கவில்லை. அது அவர்தம் உழைப்பின் களமாயிருந்தது. எந்த மரத்தில் தேனீ அமரும், எந்த மடுவில் ஆடிமாதத்திலும் நீர் நிற்கும், யானை எவ்வழியே குளத்திற்கு இறங்கும் என்னும் அறிவு அந்நடையினூடாகவே தலைமுறை தலைமுறையாகத் திரண்டது.

பிரித்தானிய மாக்சிய விமர்சகர் றேமண்ட் வில்லியம்ஸ் 1973 இல் வெளியிட்ட 'நாட்டுப்புறமும் நகரமும்' என்னும் பொருள்படும் நூலில், ஆங்கிலக் கவிதை கொண்டாடிய இனிய நாட்டுப்புறக் காட்சியிலிருந்து அதனை உருவாக்கிய உழைப்பாளி எவ்வாறு மறைக்கப்பட்டான் என்பதைக் காட்டினார். நிலம் அழகாய்த் தோன்றுவதற்கு முன்நிபந்தனையாக உழைப்பு கண்ணுக்குப் புலப்படாமற் போகவேண்டியிருந்தது. தண்ணிமுறிப்பில் நாம் செய்ததும் அதுவே. கிணற்றையும் புளியையும் காணாதபோதே 'வனம்' என்று வியக்க எம்மால் முடிந்தது.

தமிழ் மரபில் இவ்வினாவைத் தொடக்கிவைப்பதற்கு வேண்டிய கருவி ஒன்று உண்டு. அது திணைக் கோட்பாடு. நிலம், பொழுது, தொழில், தெய்வம், உணவு, மனித உறவு ஆகிய அனைத்தையும் ஒருசேர நோக்கும் அக்கோட்பாட்டில் ஆளற்ற இயற்கைக்கு இடமில்லை. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இல் வெளிவந்த திணைக் கோட்பாடு பற்றிய தமது ஆங்கில ஆய்வில், திணைகளைப் பண்டைத் தமிழகத்தின் சமச்சீரற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து விளக்கியமை எமது துறையில் ஒரு திருப்புமுனை. ஆனால் அவ்வாய்வின் வழிவந்த எம்மிற் பலர் அதனை ஒரு படிவரிசையாகச் சுருக்கிக்கொண்டோம். முல்லை மருதமாவதே வளர்ச்சி, காடு வயலாவதே வரலாறு என்று எழுதினோம். வன்னியின் வாழ்வு இவ்வரிசைக்கு அடங்குவதில்லை. அங்கு ஒரே குடும்பம் மாரியில் வயலையும், கோடையில் காட்டையும், ஆண்டு முழுதும் மந்தையையும் சார்ந்து வாழ்ந்தது. குளத்தின் மேற்புறத்துக் காடே மழைநீரைத் தடுத்து, மண்ணைப் பிடித்து, குளத்திற்கு நீரை மெல்ல இறக்கியது. அக்காடு அழிந்தால் வண்டல் நிறைந்து குளம் தூரும். குளம் தூர்ந்தால் வயல் இல்லை. ஆகவே வன்னியில் முல்லை மருதத்தின் கடந்தகாலம் அன்று. அதன் நிகழ்கால நிபந்தனை.

3

வன்னிக் காடு ஓர் இயற்கைப் பொருள் மட்டுமன்று, வரலாற்றுப் பொருளும் ஆகும் என்பதற்கு இடப்பெயர்களே முதற் சான்று. கனகராயன்குளம், மாங்குளம், புளியங்குளம், முத்தையன்கட்டு, ஒலுமடு, நெடுங்கேணி, தண்ணிமுறிப்பு என்னும் பெயர்களில் குளம், கட்டு, மடு, கேணி, முறிப்பு ஆகிய சொற்கள் நீரையும் அதனைத் தேக்கிய மனித முயற்சியையும் குறிக்கின்றன. 'முறிப்பு' என்னும் சொல்லே கட்டு முறிந்த ஒரு பழைய நிகழ்வை நினைவூட்டுகின்றது. குளம் கட்டப்பட்டு, உடைந்து, காடு மூடி, மீண்டும் திருத்தப்பட்ட நெடிய சுழற்சியின் ஒரு கட்டத்தையே இன்று நாம் காடாகக் காண்கிறோம். குளக்கட்டில் ஐயனாரை வைத்து வழிபட்ட மரபும் இதனையே உணர்த்துகிறது. நீரையும் காட்டையும் ஒருசேரக் காக்கும் தெய்வம் அது.

இக்காடு சந்தையிலிருந்து விலகி நின்றதென்று எண்ணுவதும் தவறு. வன்னியர் தலைவர்கள் யாழ்ப்பாண அரசர்க்கும், பின்னர் போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் யானைகளைத் திறையாகச் செலுத்தினர். பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்தினூடாக இந்தியாவிற்கு விற்கப்பட்டன. காட்டு விலங்கு திறையாகவும் பண்டமாகவும் மாறிய இவ்வரலாற்றின் மறுபக்கத்தை நாட்டார் இலக்கியத்திலே காண்கிறோம். வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை பேரில் வழங்கும் ஒப்பாரி, யானையை அடக்கச் சென்ற ஒரு பெண்ணைப் பாடுவது. பண்டிப்பள்ளும் குருவிப்பள்ளும் வயலை அழிக்க வரும் பன்றியையும் பறவைகளையும் பாடுபொருளாகக் கொண்டவை. இவற்றில் காட்டுயிர் வணக்கத்திற்குரிய தூய பொருளாகவும் இல்லை, ஒழிக்கப்படவேண்டிய பகையாகவும் இல்லை. அது தொல்லை தரும் அயலவனாக இருக்கின்றது. அயலவனோடு சண்டையிடலாம், ஆனால் அவன் இல்லாத ஊரைக் கற்பனை செய்வதில்லை. பள்ளு என்னும் வடிவம் உழவுத் தொழிலாளரின் வாழ்விலிருந்து எழுந்தது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்வுறவைச் சட்டரீதியாக முறித்தது குடியேற்ற ஆட்சியே. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலங்கள் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவே என்று அனுமானித்தது. உறுதி எழுதிவைக்கும் வழக்கமில்லாத குடியானவன் எதனைக்கொண்டு நிரூபிப்பான்? சேனை செய்து பின்னர் ஆறவிடப்பட்ட நிலம், மாடு மேய்ந்த அலைகரை, விறகெடுத்த காடு ஆகிய அனைத்தும் ஒரு பேனாக் கீறலில் அவனுக்கு அந்நியமாயின. 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமும், 1937 ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இவ்வடிப்படையின்மீதே எழுந்தன.

ஐரோப்பாவிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று அதே காலத்தில் நடைபெற்றது என்பது கவனத்திற்குரியது. 1842 இல், இருபத்துநான்கு வயதினரான மார்க்ஸ், றைன் மாகாணச் சபையில் விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி நிகழ்ந்த விவாதத்தை ஆராய்ந்து பத்திரிகைக் கட்டுரைகள் எழுதினார். காட்டில் உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்கும் ஏழையின் வழக்குரிமை, தனியுடைமைச் சட்டத்தினால் திருட்டாக மாற்றப்பட்டதை அவர் அதிற் காட்டினார். தம்மைப் பொருளியல் ஆய்வின்பால் திருப்பிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இதனை அவரே பிற்காலத்தில், 1859 இல், குறிப்பிட்டார். மாக்சியத்தின் தொடக்கத்திலேயே காடு இருந்தது என்பதை எமது விமர்சனம் ஏனோ மறந்துவிட்டது.

4

இப்பின்னணியில் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவலை மீளவும் வாசிக்க வேண்டியுள்ளது. 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, சாகித்திய மண்டலப் பரிசும் பெற்ற இந்நாவலின் களம் தண்ணிமுறிப்பு. அக்காட்டுக் கிராமத்தில் வாழும் கதிராமன், தந்தை கோணாமலையரின் விருப்பிற்கு மாறாகப் பதஞ்சலியை மணந்து, தன் உழைப்பை மட்டுமே நம்பித் தனிவாழ்வு தொடங்குகின்றான். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் வருகை அவ்வாழ்வின் உள்ளமைதியைக் குலைக்கின்றது. உயரப் பறக்க அறியாத நிலக்கிளி, பதஞ்சலியின் வெகுளித்தனத்திற்குக் குறியீடாகின்றது.

இந்நாவலைப் பற்றிய உரையாடல்கள் பெரிதும் இருவகையின. பதஞ்சலியின் பாத்திர வார்ப்பையும் அவளது ஒழுக்கச் சிக்கலையும் ஆராய்வது ஒருவகை. வன்னி மண்வாசனையைப் பாராட்டுவது மற்றொரு வகை. முற்போக்கு விமர்சனச் சார்புடைய எம்போன்றோர் இன்னொன்றையும் கூறிவந்தோம். வர்க்க முரண்பாடு கூர்மையாக வெளிப்படவில்லை, காட்டு வாழ்வு மனோரதியப் பாங்கில் அமைந்துவிட்டது என்பதே அது. நாமும் மாணவப் பருவத்தில் இக்குற்றச்சாட்டைத் தயங்காது எழுதியுள்ளோம்.

இன்று அக்கூற்று எமக்கு முழுநிறைவைத் தருவதில்லை. நாவலில் காடு எவ்வாறு வருகின்றது என்பதை உற்றுநோக்கினால், கதிராமன் எவ்விடத்தும் காட்டை இரசிப்பவனாக நிற்பதில்லை என்பது புலப்படும். தடம் பார்த்தும், காற்றின் திசை அறிந்தும், மரத்தின் பயனை எடைபோட்டுமே அவன் காட்டினுள் நடக்கின்றான். இயற்கை அங்கு உழைப்பின்வழி அறியப்பட்ட பொருளாக இருக்கின்றது. உழைப்பு என்பது மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான பொருட்பரிமாற்றம் என்று 'மூலதனம்' முதற்றொகுதியில் மார்க்ஸ் வகுத்ததற்கு, தமிழ் நாவலில் இத்துணை இயல்பான உதாரணம் அரிது. வர்க்கத்தை மேடைப் பேச்சில் தேடிய நாம், உழைப்பை உடலின் அசைவில் காணத் தவறினோம்.

ஆயினும் மனோரதியம் பற்றிய எமது பழைய குறிப்பை முற்றாகக் கைவிட வேண்டியதில்லை. கேடு அனைத்தும் வெளியிலிருந்தே வருகின்றது, காட்டுக் கிராமம் இயல்பிலேயே தூயது என்னும் சாயல் நாவலில் உண்டு. கோணாமலையரின் உடைமையும் அதிகாரமும் காட்டினுள்ளேயே விளைந்தவை என்பது கதையோட்டத்தில் வெளிப்பட்டும், அது விரித்துரைக்கப்படாமற் போகின்றது. இக்குறை உண்மையே. ஆனால் அது நாவலின் ஒரு பகுதிதான்.

'நிலக்கிளி'யின் சிறப்பை உணர லெனாட் வூல்வின் ஆங்கில நாவலுடன் அதனை ஒப்பிடுதல் பயன்தரும். 1904 முதல் 1911 வரை இலங்கையில் குடியேற்ற நிருவாக அதிகாரியாகப் பணியாற்றிய வூல்வ், அம்பாந்தோட்டை அனுபவத்தைக் கொண்டு எழுதி 1913 இல் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் பொருளுடைய நாவலில், காடு தீமையின் உருவாகவும், ஓயாது ஊரை நெருங்கிவரும் அச்சமாகவும் காட்டப்படுகின்றது. இறுதியிற் காடு பெத்தகம என்னும் ஊரை விழுங்கிவிடுகின்றது. ஆயின் கதையை ஊன்றி வாசிப்பவர்க்கு வேறொன்று தெரியவரும். சிலிந்துவின் குடும்பத்தை அழிப்பவை ஊர்த்தலைவனின் பகையும், சேனை செய்வதற்கான அனுமதியை அவன் மறுக்கும் அதிகாரமும், கடன் கொடுப்பவனின் பிடியும், மொழி விளங்காத நீதிமன்றமுமே. காடு முடிக்குரியது என்ற சட்டத்தினாலேயே சேனைக்கு அனுமதி தேவையாயிற்று. அனுமதியை வழங்குபவனே ஊரின் எசமானனாயினான். குடியேற்ற அமைப்பின் கொடுமையை நேர்மையாகப் பதிவுசெய்த வூல்வ், அதன் விளைவைக் காட்டின் தலையிற் சுமத்திவிடுகின்றார். பாலமனோகரன் அவ்வாறு செய்யவில்லை. அவரது காடு எவரையும் விழுங்குவதில்லை.

வரலாறு இங்கு ஒரு கொடிய முரணைச் சேர்த்துள்ளது. வூல்வின் கற்பனை ஊருக்கு நேர்ந்தது பாலமனோகரனின் உண்மை ஊருக்கு நேர்ந்தது. 1984 டிசெம்பரில் தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் தமிழ்மக்கள் இராணுவக் கெடுபிடியால் வெளியேற்றப்பட்டனர். மணலாற்றுப் பிரதேசம் 1988 இல் 'வெலிஓயா' என்னும் பெயருடன் மகாவலி 'எல்' வலயத்துட் கொண்டுவரப்பட்டது. நூலாசிரியரும் புலம்பெயர்ந்து டென்மார்க்கில் வாழ நேர்ந்தது. ஆளற்ற வளவுகளை மரங்கள் மூடின. ஊரைக் காடு விழுங்கியது என்று இன்று எவரேனும் எழுதினால் அது வூல்வின் பிழையையே மீண்டும் செய்வதாகும். மனிதர் வெளியேற்றப்பட்டனர், அதன் பின்னரே காடு வந்தது.

5

எமது இலக்கியத்தின் மற்றொரு போக்கையும் இங்கு சுயவிமர்சனத்துடன் நோக்கவேண்டும். வன்னியைக் களமாகக் கொண்ட படைப்புகளிற் கணிசமானவை காடுவெட்டிக் களனியாக்கிய கதையைக் கூறுபவை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 1902 இல் தொடங்கி 1920 இல் நிறைவுற்ற இரணைமடுக் குளமும் கிளிநொச்சிக் குடியேற்றங்களுக்கு வழிவகுத்தன. குடாநாட்டின் நிலமற்ற குடும்பங்கள் அங்கு வந்து மலேரியாவோடும் யானையோடும் போராடி வயல் சமைத்தன. இவ்வாழ்வின் தலைமுறை வரலாற்றைத் தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' (2004) பரிவுடன் சொல்கின்றது. செங்கை ஆழியானின் 'காட்டாறு' (1977) வன்னிக் குடியானவரைச் சுரண்டிய பெரியமனிதரையும் அதிகாரிகளையும் அம்பலப்படுத்தியது. சயந்தனின் 'ஆதிரை' (2015), மலையகத்திலிருந்து இனவன்செயலுக்குத் தப்பிவந்து காட்டோரத்தில் குடியமர்ந்த மக்களையும் வன்னி வரலாற்றினுட் கொண்டுவந்தது. காடு வெட்டியவர் யார், வெட்டிய காட்டின் உறுதி யார் கைக்குச் சென்றது என்னும் வினாவை இப்படைப்புகள் வெவ்வேறு அளவில் எழுப்புகின்றன. 1977 இன் பின் வந்த மலையக மக்கள் பலர் பிறர் காணியைக் கூலிக்கு வெட்டித் துப்புரவாக்கிவிட்டுத் தாம் நிலமற்றவராகவே இருந்தனர் என்பது மறக்கக்கூடாத உண்மை.

இப்படைப்புகளை வரவேற்ற முற்போக்கு விமர்சனம் உழைப்பின் வெற்றியைக் கொண்டாடியது. அது சரியே. ஆயின் கோடாலியைக் கொண்டாடும் வேகத்தில், விழுந்த மரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. இயற்கையை மனிதன் வெல்கின்றான் என்னும் சொற்றொடரை நாம் ஐயமின்றிப் பயன்படுத்தினோம். ஏங்கல்ஸ் 1876 இல் எழுதிய, குரங்கு மனிதனாக மாறிய நிகழ்வில் உழைப்பின் பங்கு பற்றிய கட்டுரையில், இத்தகைய வெற்றி ஒவ்வொன்றிற்கும் இயற்கை பழிவாங்கும் என்று எச்சரித்தார். மெசொப்பொத்தேமியாவிலும் கிரேக்கத்திலும் விளைநிலத்திற்காகக் காட்டை அழித்தோர் நீரின் ஊற்றையும் சேர்த்தே அழித்தனர் என்பது அவர் காட்டிய உதாரணம். மார்க்சும் 1868 இல் ஏங்கல்சுக்கு எழுதிய கடிதமொன்றில், திட்டமின்றி நிகழும் பயிர்ச்செய்கை தன் பின்னே பாலைவனத்தையே விட்டுச்செல்லும் என்ற கருத்தைக் குறிப்பிட்டார். இவை எமக்குத் தெரியாத நூல்கள் அல்ல. எமக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

அதேவேளை, காடழிவின் பழியைக் குடியானவன்மீது சுமத்தும் பழைய அதிகாரிகளின் வாதத்திற்கு இது ஆதரவாகிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய மலைநாட்டின் காடுகளை அழித்தவை கோப்பியும் தேயிலையுமே. அந்நிலங்களைத் தோட்ட முதலாளிகட்குக் கையளிக்க உதவிய அதே சட்டமே சேனைக்காரனைக் குற்றவாளியாக்கியது. 1956 இல் இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 44 சதவீதமாக இருந்த காடு, 2010 அளவில் 30 சதவீதத்தை அண்மித்து நின்றது. இவ்விடைவெளியில் வரண்ட வலயக் காடுகளை விழுங்கியவற்றுள் முதன்மையானவை பாரிய அரச நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டங்கள். நூற்றாண்டுக்கணக்காகச் சேனைசெய்து ஆறவிட்ட குடியானவனுக்கும், ஓராண்டில் பல்லாயிரம் ஏக்கரைக் கனரக இயந்திரத்தால் சமன்செய்யும் திட்டத்திற்கும் இடையிலான வேறுபாட்டை 'காடழிப்பு' என்னும் ஒரே சொல் மறைத்துவிடுகின்றது.

6

2009 இன் பின்னர் வன்னிக் காடு பற்றிய பேச்சு இரு எதிர்முனைகளில் நிகழ்கின்றது. முல்லைத்தீவு மாவட்டத்தின் நிலப்பரப்பிற் பாதிக்குமேல் இன்றும் காடே. நாட்டின் எஞ்சிய பெருங்காடுகள் இங்குள்ளன, அவற்றைத் தொடாது காக்கவேண்டும் என்பது ஒருமுனை. 1938 முதல் பறவைச் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாக்கப்பட்டது. இப்பெயர்களின் சூழலியல் முக்கியத்துவத்தை மறுப்பது அறிவீனம். ஆனால் போரினால் மனிதர் நீங்கிய காலத்தில் வளர்ந்த பற்றையையும், பல நூற்றாண்டுக் காட்டையும் ஒரே கோட்டினுள் அடைத்து எல்லைக்கல் நாட்டும்போது, பாதுகாப்பு என்பது வெளியேற்றத்தின் இறுதிக் கையொப்பமாகிவிடுகின்றது. 1840 இன் அனுமானம் பசுமை வண்ணம் பூசிக்கொண்டு திரும்பி வருவதை நாம் இங்கு காண்கிறோம்.

மறுமுனையும் எமக்கு உவப்பானதன்று. காணியுரிமையின் பெயரால் காடு பற்றிய கவலை முழுவதையும் அரசின் சூழ்ச்சி என்று தள்ளிவிடும் போக்கு எம்மவரிடையே வளர்ந்து வருகின்றது. நாம் தண்ணிமுறிப்பிலிருந்து திரும்பிய அன்று மாலை, முதிரைக் குற்றிகளை ஏற்றிக்கொண்டு விளக்கணைத்த உழவு இயந்திரமொன்று எம்மைக் கடந்து சென்றது. உடன் வந்தவரிடம் அது பற்றிக் கேட்டோம். "எங்கட ஆக்கள்தான். வேறை ஆர்?" என்றார். சற்றுப் பொறுத்து, "குளத்துக்கு மேல வெட்டக்கூடாது எண்டு அந்தக் காலத்தில ஒரு சொல்லு இருந்தது. இப்ப சொல்ல ஆளில்லை, கேக்கவும் ஆளில்லை" என்றார். மரக்கடத்தலும் ஆற்றுமணற் கொள்ளையும் கிரவல் அகழ்வும் தமிழ் முதலாளிகளின் கையால் நிகழும்போது அவை தேசியத் தொண்டாகிவிடுவதில்லை. ஏழைக் குடியானவனின் வளவை மீட்கும் கோரிக்கையின் நிழலில் இக்கொள்ளை ஒதுங்கி நிற்பதை அனுமதித்தால், அதன் முதல் இழப்பு அக்குடியானவனுக்கே. அவனது குளமே தூரும்.

அம்முதியவர் குறிப்பிட்ட 'சொல்லு' என்பதில் எமது முடிவுரை அடங்கியுள்ளது. அது எழுதப்படாத ஒரு சமூக ஒழுங்கு. எதனை வெட்டலாம், எதனை வெட்டலாகாது, எவ்வளவு காலம் நிலத்தை ஆறவிடவேண்டும் என்பதைக் காட்டில் உழைத்தவர்களே தமக்குள் வகுத்து, தெய்வத்தின் பெயராலும் ஊரின் பெயராலும் காத்தனர். அவ்வொழுங்கைப் பொற்காலமாகக் காட்டுவது எமது நோக்கமன்று. சாதியும் உடைமையும் அதனுள் ஆட்சிசெய்தன. யார் எவ்விடத்தில் நீரெடுக்கலாம் என்பதையும் அதே ஊரே தீர்மானித்தது. ஆயினும் காட்டைக் காப்பது உழைப்பாளரின் கூட்டுப்பொறுப்பாக இயங்கமுடியும் என்பதற்கு அது சான்று. அதன் சமத்துவமற்ற கூறுகளைக் களைந்து, நிலமற்ற மலையகக் கூலியாளையும் சமவுரிமையுடன் உள்ளடக்கி, இன்றைய அறிவியலுடன் அதனை மீளக் கட்டுவதே முற்போக்கான இயற்கைப் பாதுகாப்பாக அமையும். மனிதரை வெளியேற்றிய பின் நாட்டப்படும் கல்லால் அது நிறைவேறாது. கல்லைப் பிடுங்கிவிட்டு மரத்தை விற்பதாலும் நிறைவேறாது.

இதில் இலக்கிய ஆய்வாளருக்கு உள்ள பணி சிறியதெனினும் அவசரமானது. 1984 க்கு முன் வன்னிக் காட்டோரத்தில் வாழ்ந்து, அதன் குளங்களையும் மோட்டைகளையும் மரங்களையும் பெயர் சொல்லி அறிந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கின்றது. அவர்தம் சொற்களும் பள்ளும் ஒப்பாரியும் அரிவுப் பாடல்களும் நாட்டாரியற் சேகரிப்புகள் மட்டுமல்ல. ஒரு நிலத்தில் உழைப்பு இருந்தது என்பதற்கான ஆவணங்களும் ஆகும். 'நிலக்கிளி' போன்ற நாவலும் இன்று அத்தகைய ஆவணமாகிவிட்டது. உறுதியற்றவனின் உறுதியாக இலக்கியம் நிற்கவேண்டிய நிலையிலே, அதனை 'மண்வாசனை' என்ற ஒரு சொல்லால் பாராட்டிவிட்டு ஒதுங்குவது விமர்சகனின் கடமை ஆகாது. அடுத்த மாரி தொடங்குமுன், எமது மாணவர் சிலருடன் மீண்டும் தண்ணிமுறிப்புக்குச் சென்று, அந்தப் புளியமரத்திலிருந்து தொடங்கி, அம்முதியவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வளவின் பெயரையும் எழுதிக்கொள்ள எண்ணியுள்ளோம்.